தெருவுல கிடைக்கிற பிரெஞ்சுக்கு லட்சக்கணக்குல ஃபீஸ் கட்டணுமா?

கேள்வி: அக்கா வணக்கம். எனக்கு ஊரு காரைக்கால். கல்யாணமாகி மொரிஷியஸ் வந்து ஏழு வருஷமாச்சு, ரோஸ் ஹில்ல இருக்கோம். வீட்டுக்காரர் இங்கயே பொறந்து வளந்தவரு, எபேன்ல வேலை. பொண்ணுக்கு நாலரை வயசு. என்கிட்ட தமிழ், மாமியார்கிட்ட கிரியோல், அப்பாகிட்ட ரெண்டும் கலந்து பேசுவா. இப்ப அவளை கியூர்பிப்ல இருக்க பிரெஞ்சு பிரைவேட் ஸ்கூல்ல சேர்க்கணும்னு இவர் ஒத்தக்கால்ல நிக்கிறாரு. நாத்தனார் பசங்க ரெண்டும் அந்த மாதிரி ஸ்கூல்லதான் படிக்குதுங்க. கவர்மென்ட் ஸ்கூல்ல படிச்ச நீ என்ன கெட்டா போயிட்டன்னு மாமியார் அவரை திட்டுறாங்க. ஃபீஸ் என் சம்பளத்துல பாதிக்கு மேல முழுங்கிடும், எனக்கு பிரெஞ்சு ஒரு வார்த்தை வராது, ஹோம்வொர்க் எப்படி சொல்லிக்குடுப்பேன், தமிழும் போயிடுமோன்னு பயமா இருக்கு. இன்னொரு குழந்தை பெத்துக்கலாம்னும் யோசனை. எங்க தாத்தா சொல்தாவா, அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்துல, இருந்தவரு, பிரான்ஸ்லேந்து பென்ஷன் வாங்குனவரு, அந்த வீட்டுப் பொண்ணுக்கே பிரெஞ்சு தெரியலன்னு இவர் கிண்டல் வேற பண்றாரு. சேர்க்கலாமா வேண்டாமா? (பெயர் வேண்டாம், ரோஸ் ஹில்)

பதில்: உங்க லெட்டர மூணு தடவ படிச்சேன்மா. கடைசியில சிரிப்புக்கு எழுதுன அந்த சொல்தா தாத்தா விஷயம் இருக்கே, அதுதான் இதுல காசு விஷயத்தையே மாத்தக்கூடிய வரி, அதுக்கு அப்புறம் வரேன்.

முதல்ல உங்க வீட்டுக்காரர்கிட்ட ஒண்ணு கேளுங்க. பொண்ணுக்கு பிரெஞ்சு வரணும்னு அந்த ஸ்கூலா, இல்ல பிரெஞ்சு பாக், அதாவது அவங்க ஸ்கூல் கடைசிப் பரீட்சை, எழுதணும்னு அந்த ஸ்கூலா? ரெண்டும் ஒண்ணுன்னு நெனச்சுதான் பாதி பேரு என்கிட்ட வராங்க. நான் இந்த தீவுல இருபது வருஷத்துக்கு மேல பசங்களோட படிப்பு விஷயமா பெத்தவங்க கூட உக்காந்து பேசிட்டு இருக்கேன், இதுல ஒரே ஒரு விஷயத்த அடிச்சு சொல்லுவேன், பிரெஞ்சு மொழிக்காக மட்டும் யாரும் இங்க அவ்ளோ ஃபீஸ் கட்ட வேண்டியதில்ல. 1810-ல இங்கிலீஷ்காரன் இந்த தீவ புடிச்சப்ப, இங்க இருக்கறவங்க அவங்க மதம், சட்டம், பழக்கவழக்கம் எல்லாம் வச்சுக்கலாம்னு ஒத்துக்கிட்டுத்தான் உள்ள வந்தான், அதனால நூத்தி ஐம்பது வருஷத்துக்கு மேல அவன் ஆண்டும் பேப்பர் பிரெஞ்சுல, டிவி பிரெஞ்சுல, பேங்க்ல, டாக்டர்கிட்ட பேசுறது பிரெஞ்சுல. கவர்மென்ட் ஸ்கூல்ல முதல் வகுப்புலேந்தே பிரெஞ்சு கட்டாயப் பாடம். உங்க வீட்டுக்காரர் லிசேல, அதாவது பிரெஞ்சு ஸ்கூல்ல, படிக்கல, ஆனா அவரு காலையில பேப்பர் எந்த மொழியில படிக்கிறாரு? பாருங்க.

அவரு லிசே லிசேன்னு ஏன் நிக்கிறாருன்னு எனக்கு ஒரு சந்தேகம், தப்பா இருந்தா மன்னிச்சுக்கச் சொல்லுங்க. ஆபீஸ்ல மீட்டிங்ல சில பேரு பேசுற பிரெஞ்சு ஒரு மாதிரி இருக்கும், பாரிஸ் வாசனை அடிக்கும், நம்மாளு கிரியோல் வாடையோட பேசும்போது எதிர்ல இருக்கறவன் புருவத்த லேசா தூக்குவான், அது வலிக்கும். ரோஸ் ஹில், குவாத்ர் போர்ன் பக்கத்து தமிழ் வீட்டு ஆம்பளைங்க எத்தனையோ பேரு இதை என்கிட்ட நேரா சொல்லாம சுத்தி வளச்சு சொல்லியிருக்காங்க. அந்த வலி நிஜம். ஆனா அந்த வலிக்கு மருந்தா நாலரை வயசுப் பொண்ண 13 வருஷம் ஒரு பாதையில ஏத்தி விடுறதுக்கு முன்னாடி, அந்தப் பாதை எங்க போய் முடியுதுன்னு பாத்துக்கணும் இல்லையா.

அந்தப் பாதைய சொல்றேன். நீங்க காரைக்கால்ங்கறதால கொஞ்சம் கேள்விப்பட்டிருப்பீங்க, புதுச்சேரி பீச் பக்கம் இருக்க லிசே ஃபிரான்சே 1826-லேந்து இருக்கு, அங்க நடக்குற அதே பாடத்திட்டம்தான் இங்கயும். மூணு வயசுல மத்தெர்னெல், நம்ம கே.ஜி. மாதிரி, அதுல மூணு செக்சியோன். ஆறு வயசுல செ.பே., அதாவது ஒண்ணாவது, அங்கேந்து அஞ்சு வருஷம் பிரைமரி, அப்புறம் நாலு வருஷம் கொலேஜ். நம்ம ஊர் காலேஜ்னு நெனச்சுடாதீங்க, 11 வயசுப் பசங்க படிக்கிற இடம்தான், வகுப்பு நம்பரும் தலைகீழா எண்ணுவாங்க, ஆறாவதுல ஆரம்பிச்சு மூணாவதுல முடியும், முதல் வருஷம் எல்லா அம்மாவும் குழம்புவாங்க. அதுக்கு கடைசியில பிரெவே பரீட்சை. அப்புறம் மூணு வருஷம் லிசே, முடிவுல பாக். வகுப்பு பிரிக்கிறது ஜனவரி டு டிசம்பர் பொறந்த வருஷத்த வச்சு, மாசக் கணக்கு கிடையாது, அந்த வருஷத்துக்குள்ள ஆறு முடிஞ்சா செ.பே., அவ்ளோதான். ஸ்கூல் தொறக்குறதும் நம்ம லோக்கல் ஸ்கூல் மாதிரி ஜனவரியில இல்ல, ஆகஸ்ட்ல.

இந்தப் பக்கம் லோக்கல் பாதை: ஆறாவதுல பி.எஸ்.ஏ.சி. பரீட்சை, 2017-லேந்து வந்த ஒன்பது வருஷ திட்டத்துல ஒன்பதாவது முடிவுல என்.சி.இ., அப்புறம் கேம்பிரிட்ஜ்காரன் நடத்துற எஸ்.சி., ஸ்கூல் கடைசியில எச்.எஸ்.சி. கணக்கு சயின்ஸ் எல்லாம் பரீட்சைத் தாள்ல இங்கிலீஷ். ஃபீஸ் கிடையாது, செகண்டரி 1977-லேந்தே இலவசம். ஆனா இலவசம்னு சொல்லிட்டு லெசோனுக்கு, அதாவது டியூஷனுக்கு, குடுக்குற காச யாரும் கணக்குல சேர்க்கறதில்ல. சின்ன வகுப்புகளுக்கு டியூஷன் கூடாதுன்னு சட்டமே இருக்கு, இருந்தும் பெரிய வகுப்பு வந்தா ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு லெசோன், சனிக்கிழம காலையிலயே புள்ளைங்க பை தூக்கிட்டு ஓடுதுங்க. உங்க மாமியார் சொல்ற அந்த இலவசத்துலேந்து இதைக் கழிச்சுட்டுத்தான் ஒப்பிடணும். போட்டியும் கடுமை, லோரேட் ஆகணும்னு, அதாவது அரசாங்க ஸ்காலர்ஷிப் வாங்கணும்னு, பதினெட்டு வயசுப் பசங்க தூக்கத்த தொலைச்சு படிக்கிறது உங்களுக்கே தெரியும், ரிசல்ட் அன்னிக்கு ஸ்கூல் வாசல்ல புள்ளைய தோள்ல தூக்கி ஆடுறத ஒவ்வொரு வருஷமும் டிவில பாக்குறோம். அந்த லோரேட் ஸ்காலர்ஷிப் எச்.எஸ்.சி. எழுதுறவங்களுக்கு. பாக் பக்கம் போனா அது கனவுலேந்து போச்சு, அங்க வேற இருக்கு, வெளிநாட்டு பிரெஞ்சு லிசேல நல்லா படிச்ச பிரெஞ்சுக் குடியுரிமை இல்லாத பசங்களுக்கு எக்ஸெலான்ஸ் மாஜோர்னு பிரான்ஸ் குடுக்குற ஸ்காலர்ஷிப், அது கிடைக்கறதும் லேசு கிடையாது.

பாக் நல்ல படிப்பா? நல்ல படிப்பு, அதுல எனக்கு ரெண்டு கருத்து இல்ல. பழைய எல், எஸ் மாதிரி பிரிவெல்லாம் போயி 2021-லேந்து புது பாக். பிரெமியேர்ல, அதாவது லிசே ரெண்டாவது வருஷம், மூணு ஸ்பெஷாலிட்டே (சிறப்புப் பாடம்) எடுக்கணும், கடைசி வருஷமான தெர்மினால்ல அதுல ஒண்ண விட்டுட்டு ரெண்டு வச்சுக்கணும். மார்க்ல 40 சதவீதம் வருஷம் பூரா நடக்குற வகுப்பு மார்க்லேந்து, 60 சதவீதம் பரீட்சையிலேந்து. கடைசி வருஷம் எல்லாரும் தத்துவம் படிச்சே ஆகணும், வாரத்துக்கு நாலு மணி நேரம், கணக்கு புள்ளையா இருந்தாலும் சரி. கிராந்த் ஓரால்னு 20 நிமிஷம் நடுவர்கள் முன்னாடி நின்னு பேசணும். பத்து வரி மனப்பாடம் பண்ணி கக்குறதுக்கும், நீ என்ன நெனைக்கிற ஏன் நெனைக்கிறன்னு கேக்கறதுக்கும் வித்தியாசம் இருக்குல்ல, அந்த வித்தியாசம் இந்தப் பசங்க பேச்சுல தெரியும். 20-க்கு 14 வாங்குனா அங்க கொண்டாடுவாங்க, நம்மாளுங்க மீதி ஆறு எங்கன்னு கேப்பாங்க, நீங்க கேக்காதீங்க, பாக்ல 16-க்கு மேல போனாலே த்ரே பியான், அதாவது ரொம்ப நல்லதுன்னு சான்றுல போடுவாங்க.

ஆனா நீங்க கேக்க வேண்டியது நல்லதா கெட்டதான்னு இல்ல, 18 வயசுல உங்க பொண்ணு எங்க போவாங்கறது. பிரான்ஸ், ரீயூனியன், பெல்ஜியம், கியூபெக் இந்தப் பக்கம்னா பாக் வச்சிருக்க புள்ளைக்கு கதவு நேரா தொறக்கும். 2019-லேந்து ஐரோப்பாவ சேராத பசங்களுக்கு பிரான்ஸ் அரசு யூனிவர்சிட்டி ஃபீஸ ஏத்திட்டாங்க, லிசான்ஸ்க்கு, அதாவது முதல் டிகிரிக்கு, அப்ப வருஷத்துக்கு 2,770 யூரோன்னு வச்சாங்க, நிறைய யூனிவர்சிட்டி அதுல தள்ளுபடியும் குடுக்குது, அப்படிப் பாத்தாலும் லண்டன், சிட்னியோட ஒப்பிட்டா அது ஒண்ணுமே இல்ல. ஸ்கூலுக்கு கட்டுறத யூனிவர்சிட்டில மிச்சம் புடிக்கலாம்னு சில அப்பாமாருங்க போடுற கணக்கு முழுசா தப்பில்ல, ஆனா புள்ள பிரான்ஸ் போனாத்தான் அந்தக் கணக்கு நிக்கும். மொரிஷியஸ்லயே படிக்கப் போறான்னா, இங்க பப்ளிக் யூனிவர்சிட்டில 2019-லேந்து முதல் டிகிரி இலவசம், பாடமும் பெரும்பாலும் இங்கிலீஷ்.

அப்புறம் உங்க மனசுல இந்தியா இருக்கலாம், அம்மா அப்பா அங்க இருக்காங்க, சென்னையில டாக்டருக்கு படிக்க வைக்கலாம்னு ஒரு மூலையில ஓடும். இந்தியா போறதுன்னா ஏ.ஐ.யூ., அதாவது இந்தியப் பல்கலைக்கழகங்களோட சங்கம், குடுக்குற சமானச் சான்று வாங்கணும், நீட் எழுதணும்னா ஃபிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, பயாலஜி, இங்கிலீஷ் நாலும் பன்னெண்டாவது அளவுல பாஸ் ஆகியிருக்கணும். பாக்ல அது எப்படின்னா, ஃபிசிக்ஸ்-கெமிஸ்ட்ரி ஒரே ஸ்பெஷாலிட்டே, எஸ்.வே.தே.ன்னு பயாலஜி ஒண்ணு, ரெண்டையும் தெர்மினால் வரைக்கும் வச்சா கணக்கு ஸ்பெஷாலிட்டேய விடணும், கணக்க துணைப் பாடமா எடுத்துக்கலாம். இஞ்சினியரிங்னா கணக்கும் ஃபிசிக்ஸும் வச்சுட்டு பயாலஜிய விடணும். ஆக 16 வயசுல முடிவெடுக்கணும், இது இங்கிலீஷ் சிஸ்டத்துலயும் அப்படித்தான், இதுல லிசேய மட்டும் குத்தம் சொல்ல முடியாது.

இப்ப காசு. நீங்க ஃபீஸ மாசக் கணக்குல எழுதியிருக்கீங்க, அங்கதான் எல்லாரும் சறுக்குறது. கிராந்த் செக்சியோன்ல, அதாவது மத்தெர்னெல் கடைசி வருஷத்துல, சேர்த்தா தெர்மினால் முடிய 13 வருஷம். ஃபீஸ் வருஷா வருஷம் ஏறும், 5 சதவீதம்னு வச்சுக்கிட்டா கூட 13 வருஷத்துல நீங்க கட்டுறது இன்னிக்கு வருஷ ஃபீஸ் மாதிரி கிட்டத்தட்ட 18 மடங்கு வந்து நிக்கும். நானே காகிதத்துல போட்டுப் பாத்தேன், நீங்களும் போட்டுப் பாருங்க. இதுல சேரும்போது ஒரு தடவ கட்டுற நுழைவுப் பணம் தனி, கான்டீன் தனி, வேன் தனி, புஸ்தகம், பரீட்சைக் கட்டணம், பெரிய வகுப்புல வெளியூர் டூர்னு ஒண்ணு வரும், நம்ம புள்ள மட்டும் போகலன்னா அழும், கட்டித்தான் ஆகணும். ரெண்டாவது குழந்தை வந்தா? அக்காவ லிசேல போட்டுட்டு தம்பிய பக்கத்து கவர்மென்ட் ஸ்கூல்ல போட மனசு வருமா? வராது. அதனால பெருக்கும்போது ரெண்டால பெருக்குங்க. வருஷக் கடைசி 13-வது மாச போனஸ் ரெண்டு பேருதும் சேர்த்தும் வருஷ ஃபீஸ்ல பாதி கூட வரலன்னா, இது உங்க தகுதிக்கு மேலன்னு நான் சொல்லுவேன். இது புஸ்தகத்துல இருக்க விதி இல்ல, நான் பாத்த வீடுகள வச்சு சொல்றது.

ஏன் இவ்ளோ பயமுறுத்துறேன்னா நடுவுல இறங்குறதுதான் இதுல பெரிய அடி. எனக்குத் தெரிஞ்ச ஒரு பையன், அப்பாவுக்கு துணி வியாபாரம், நல்லா போயிட்டு இருந்துச்சு, கோவிட்ல படுத்துச்சு, பையன் அப்ப காத்ரியேம்ல, அதாவது நம்ம கணக்குல எட்டாவது ஒன்பதாவது. ஃபீஸ் கட்ட முடியாம லோக்கல் செகண்டரி ஸ்கூல்ல கொண்டுவந்து போட்டாங்க. கெட்டிக்காரப் பையன்தான், ஆனா அதுவரைக்கும் கணக்கு முழுக்க பிரெஞ்சுல படிச்சவன், இங்க தாள் இங்கிலீஷ்ல வருது, ஸ்கூல் வருஷமும் வேற, ஆகஸ்ட்ல ஆரம்பிக்கறதுலேந்து ஜனவரியில ஆரம்பிக்கறதுக்கு வந்ததுல ஒண்ணு அரை வருஷம் தள்ளி நிக்கணும், இல்ல அரை வருஷம் விழுந்தடிச்சு ஓடணும். அவன் ஓடுனான். ரெண்டு வருஷம் அவன் முகத்துல சிரிப்பே இல்ல. என்கிட்ட வந்தப்ப அவங்கம்மா கேட்டது ஒண்ணுதான், முதல்லயே இங்க போட்டிருந்தா இந்த கஷ்டம் இருந்திருக்காதுல்லன்னு. நான் என்ன பதில் சொல்ல. அதனால 13 வருஷமும் கட்ட முடியும்னா ஏறுங்க, அஞ்சு வருஷம் பாப்போம் அப்புறம் பாத்துக்கலாம்னா ஏறாதீங்க. பிரைமரி லோக்கல்ல முடிச்சுட்டு 11 வயசுல சீசியேம்ல, அதாவது கொலேஜ் முதல் வகுப்புல, சேர்க்குற வழியும் இருக்கு, டெஸ்ட் வைப்பாங்க, பிரெஞ்சு எழுத்து நல்லா இருக்கணும், ஆனா கட்டுற வருஷம் ஏழாக் குறையும்.

சரி, சொல்தா தாத்தாவுக்கு வருவோம். 1962 ஆகஸ்ட் 16-ந்தேதி ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தப்ப, புதுச்சேரி காரைக்கால்ல பொறந்து அங்கயே இருந்தவங்க இந்தியர் ஆனாங்க, பிரெஞ்சாவே இருக்கேன்னு ஆறு மாசத்துக்குள்ள எழுதிக் குடுத்தவங்க பிரெஞ்சாவே இருந்தாங்க. உங்க தாத்தா எழுதிக் குடுத்தாரா, அப்ப உங்க அப்பா சின்னப் புள்ளையா, இதையெல்லாம் வீட்ல கேட்டிருக்கீங்களா? பென்ஷன் வாங்குனாருங்கறதால மட்டும் பிரெஞ்சு நாட்டுரிமை இருந்துச்சுன்னு ஆகாது, பட்டாளத்துல இருந்ததுக்குக் குடுக்குறது அது. ஆனா அவரு பிரெஞ்சு, அப்பா பிரெஞ்சுன்னு இருந்தா உங்களுக்கு வரலாம், உங்க வழியா பொண்ணுக்கும் வரலாம். ஏன் சொல்றேன்னா, பிரெஞ்சுக் குடியுரிமை இருக்க குழந்தை வெளிநாட்டுல பிரான்ஸ் அங்கீகாரம் குடுத்த ஸ்கூல்ல படிச்சா, குடும்ப வருமானத்த பாத்து ஸ்கூல் ஃபீஸ்க்கு உதவித்தொகை குடுக்குறாங்க, சில பேருக்கு முழுசாவே கிடைக்குது, அந்தக் குழந்தை கான்சுலேட்ல பதிவு பண்ணியிருக்கணும். மொரிஷியஸ் குடியுரிமை மட்டும் வச்சிருக்க புள்ளைக்கு அந்த உதவி கிடையாது. ஒரே வகுப்புல பக்கத்துல உக்காந்திருக்க ரெண்டு தமிழ்ப் புள்ளைங்கள்ல ஒண்ணு முழு ஃபீஸ் கட்டுது, ஒண்ணு கட்டல, காரணம் தாத்தா 1962-ல போட்ட ஒரு கையெழுத்து, இதை நான் கண்ணால பாத்திருக்கேன்.

ரெண்டு எச்சரிக்கை. ஒண்ணு, குடும்பத்துல அரை நூற்றாண்டுக்கு மேல யாரும் பிரெஞ்சு பேப்பர் எதுவுமே எடுக்காம, பதிவு பண்ணாம விட்டிருந்தா, வம்சாவளி வழியா நிரூபிக்கவே சட்டம் விடாது, கோர்ட் வரைக்கும் போயி தோத்தவங்க இருக்காங்க. உங்க அப்பாவோ சித்தப்பாவோ கான்சுலேட்ல பேர் பதிஞ்சிருக்காங்களான்னு முதல்ல பாருங்க. ரெண்டாவது இன்னும் முக்கியம், இந்தியா ரெட்டைக் குடியுரிமை ஒத்துக்காது. நீங்க இந்திய பாஸ்போர்ட்ல இருந்தா, பிரெஞ்சு பேப்பர்ல கைய வைக்கறதுக்கு முன்னாடி ஒரு வக்கீல்கிட்ட உக்காந்து பேசுங்க. ஊர்ல பேப்பர் வாங்கித் தரேன்னு திரியுற புரோக்கர்கிட்ட இல்ல, வக்கீல்கிட்ட.

ஹோம்வொர்க் பயத்துக்கு வரேன், இதுல நீங்க நெனக்கிற அளவுக்கு பயம் வேண்டாம். பிரான்ஸ்ல பிரைமரி பசங்களுக்கு எழுத்து ஹோம்வொர்க் குடுக்கக் கூடாதுன்னு 1956-லயே சர்க்குலர் போட்டாச்சு. முழுசா கடைப்பிடிக்கிறாங்களான்னா இல்ல, ஆனா மலை மாதிரி வராது. வரது ரெண்டு, ஒண்ணு டிக்தே, டீச்சர் சொல்லச் சொல்ல எழுதுறது, அதுக்கு வார்த்தை எழுத்துப் பிழை இல்லாம படிச்சுட்டு வரணும், இன்னொண்ணு பாட்டு மாதிரி கவிதை மனப்பாடம், இதுக்கு அப்பா இருக்காருல்ல. ஒத்தக்கால்ல நிக்கிறவரு அந்த ஒத்தக்கால்ல நின்னுக்கிட்டே தினம் அரை மணி நேரம் டிக்தே சொல்லிக்குடுக்கட்டும், அதை இப்பவே எழுதி வாங்கிக்குங்க. எபேன்லேந்து ஏழு மணிக்கு வீட்டுக்கு வர மனுஷன்னா, அதையும் யோசிங்க.

கிரியோல் பேசுற புள்ளைக்கு பிரெஞ்சு காதுக்கு சீக்கிரம் புடிபடும், எழுத்துலதான் முட்டும். கிரியோல்ல லாகாஸ்னா வீடு, லாதாப்னா மேசை, தீலோன்னா தண்ணி. அந்த லா, தீ எல்லாம் பிரெஞ்சுல தனியா நிக்கிற சொல்லு, கிரியோல்ல வார்த்தையோட ஒட்டிக்கிச்சு. அதனால நம்ம புள்ளைங்க லா லாகாஸ்னு எழுதும், மேசை ஆம்பளையா பொம்பளையான்னு முழிக்கும். டீச்சர் சிவப்பு மை போட்டா உடனே என் பொண்ணுக்கு மண்டையில ஏறலன்னு முடிவு கட்டாதீங்க, செ.பே., அடுத்து செ.ஏ.1னு ரெண்டு வருஷம் இப்படித்தான் போகும், அப்புறம் ஒரு நாள் தானா சரியாகும்.

தமிழ் விஷயத்துல நான் சொல்றது உங்களுக்கு புடிக்காம போகலாம். கவர்மென்ட் பிரைமரில தமிழ் விருப்பப் பாடமா இருக்கு, நீங்க பாத்த ஸ்கூல்ல இல்ல, அதனால கவர்மென்ட் ஸ்கூல்ல போட்டா தமிழ் தங்கும்னு நெனக்கிறீங்க. அஞ்சாறு வருஷம் ஸ்கூல்ல தமிழ் படிச்ச புள்ளைங்கள எத்தனை பேர உங்களுக்குத் தெரியும், அதுல எத்தனை பேரு உங்ககூட தமிழ்ல ரெண்டு வாக்கியம் பேசுனாங்க? அ ஆ எழுதும், தேவாரம் பாடும், காவடிக்கு பத்து நாள் விரதம் இருக்கும், ஆனா பசிக்குதுன்னு கிரியோல்லதான் சொல்லும். உங்க வீட்டுக்காரரே ஒரு உதாரணம், கோச்சுக்க மாட்டாருன்னு நெனக்கிறேன். உங்க பொண்ணுக்கு தமிழ் வரது உங்க வாயிலேந்து. நீங்க அவகிட்ட பிரெஞ்சு பழகிக்கறேன் பேர்வழின்னு போஞ்சூர் மெர்சின்னு ஆரம்பிச்சீங்கன்னா அன்னிக்கு போச்சு. அவ எந்த ஸ்கூலுக்கு போனாலும் வாசல்ல செருப்பு கழட்டுனதுலேந்து அம்மாகிட்ட தமிழ்தான்னு வச்சுக்குங்க, கோயில்ல நடக்குற வகுப்புல எழுத்துக்கு சேர்த்து விடுங்க, பாட்டிகிட்ட வீடியோ கால்ல சண்டை போட விடுங்க, சண்டை போட்டா மொழி நிக்கும். ஒரு உபரித் தகவல், புதுச்சேரி லிசேல தமிழ் ஒரு பாடமா படிச்சு பாக்ல எழுதுறாங்க, பிரெஞ்சு சிஸ்டத்துக்கும் தமிழுக்கும் விரோதம் ஒண்ணும் கிடையாது, இங்க கேக்கறதுக்கு ஆள் இல்ல அவ்ளோதான். நீங்க நாலு அம்மா சேர்ந்து கேட்டுப் பாருங்களேன்.

ஸ்கூலுக்கு நேர்ல போறப்ப சுவர்ல என்ன பெயின்ட், நீச்சல் குளம் இருக்கான்னு பாத்துட்டு வராதீங்க. ஒமோலொகாசியோன், அதாவது பிரான்ஸ் கல்வி அமைச்சு குடுக்குற அங்கீகாரம், எந்த வகுப்பு வரைக்கும் இருக்குன்னு கேளுங்க, அது மொத்தமா குடுக்கறதில்ல, ஒவ்வொரு நிலைக்கும் தனியா. பிரெஞ்சு ஸ்கூல்னு போர்டு வச்சதெல்லாம் அங்கீகாரம் உள்ளது ஆகாது. கியூர்பிப்ல இருக்க லா பூர்தோனே 1953-லேந்து இருக்கு, அங்க மத்தெர்னெல்லேந்து தெர்மினால் வரைக்கும் ஒரே இடம், வேற சில ஸ்கூல் கொலேஜோட முடிஞ்சு பசங்க மோக்கா பக்கத்து லிசே தே மாஸ்காரேஞ்ஞுக்கு மாறுவாங்க. அங்கீகாரம் இருந்தா இன்னொரு லாபம், வீட்டுக்காரருக்கு நாளைக்கு துபாய்லயோ சிங்கப்பூர்லயோ வேலை மாறுனா அங்க இருக்க அதே மாதிரி ஸ்கூல்ல அடுத்த வகுப்புலயே உக்காரலாம், பரீட்சை வைக்க மாட்டாங்க. உங்க வீட்ல அப்படி ஊர் மாறுற யோசனை இருந்தா சொல்லுங்க, அப்ப என் பதிலே கொஞ்சம் சாயும். போன வருஷம் பாக் முடிச்சவங்க எங்கெங்க போனாங்கன்னு கேளுங்க. டீச்சர்ல எத்தனை பேரு மூணு வருஷத்துக்கு மேல அங்கயே இருக்காங்கன்னு கேளுங்க. அப்புறம் ஒரு மழை நாள் பாத்து காலையில ஆறரைக்கு ரோஸ் ஹில்லேந்து கியூர்பிப் போயி பாருங்க, அங்க பாதி நாள் மழைதான், மெட்ரோ இருக்கு ஆனா நாலரை வயசு தனியா ஏறாது, கூட யார் போறது?

என் கருத்து கேட்டீங்கன்னா, இன்னிக்கு உங்க வீட்டு நிலைமையில, பேப்பர் எதுவும் இல்லாத பட்சத்துல, உங்க சம்பளத்துல பாதியக் குடுத்து இப்பவே சேர்க்க வேண்டாம். பக்கத்துல நல்ல பிரைமரியா பாருங்க, கவர்மென்ட் இருக்கு, கத்தோலிக்க ஸ்கூலும் இருக்கு, அங்கயும் ஃபீஸ் இல்ல, பிரெஞ்சும் நல்லா சொல்லிக்குடுப்பாங்க. மிச்சமாகுற பணத்துல மாசம் ஒரு பங்க தனியா போட்டு வைங்க, பிரெஞ்சு கதைப் புஸ்தகம் வாங்கி அப்பா ராத்திரி படிச்சுக் காட்டட்டும், 10 வயசு வரும்போது சீசியேம் டெஸ்ட் எழுத வைக்கலாமான்னு அப்ப பாருங்க, அப்ப அவ என்ன மாதிரி புள்ளன்னு தெரிஞ்சிருக்கும், கையிலயும் காசு இருக்கும். தாத்தா பேப்பர் சரியா வந்து உதவித்தொகைக்கு வழி இருந்தா நான் சொன்னத அப்படியே திருப்பிப் போட்டுக்குங்க, வர ஆகஸ்ட்லயே சேருங்க, தாராளமா.

அதனால இந்த வாரம் காரைக்காலுக்கு போன் போட்டு அப்பாகிட்ட கேளுங்க, தாத்தாவோட பழைய டிரங்குப் பெட்டில லிவ்ரே மிலித்தேர்ங்கற பட்டாளப் புஸ்தகம் இருக்கா, ஓப்சியோன், அதாவது பிரெஞ்சாவே இருக்கேன்னு, எழுதிக் குடுத்த பேப்பர் இருக்கா, அப்பா பொறந்தது எத்தா சிவில்ங்கற பிறப்புப் பதிவு ரெஜிஸ்டர்ல பிரெஞ்சுல பதிஞ்சிருக்கான்னு. கிடைச்சா ஒரு நகல் அனுப்பச் சொல்லுங்க, ஒரிஜினல போஸ்ட்ல போட வேண்டாம். போர்ட் லூயி எம்பசில கான்சுலேட் அப்பாயின்ட்மென்ட் கிடைக்க நாளாகும், அதையும் இப்பவே போட்டு வைங்க.